பூர்வகுடி ஓவியம் தாங்கிய விளையாட்டுச் சட்டை: முதல் பேச்சிலிருந்து மைதானம் வரை

2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில் சின்னப்பம்பட்டி நடராஜன் தன் முதல் சர்வதேச டி20 ஆட்டத்தை ஆடினார். 30 ரன் கொடுத்து 3 விக்கெட். மேற்கு சிட்னியில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் அத்தனையிலும் அன்று அவர் பேச்சுதான். எதிரே நின்ற ஆஸ்திரேலிய வீரர்கள் என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்பதை மறுநாள் ஹைலைட்ஸ் ஓடும்போது என் மகள்தான் காட்டினாள். "அப்பா, அந்த டிசைனைப் பாருங்க."

அந்தத் தொடரில் ஆஸ்திரேலிய ஆண்கள் அணி அணிந்தது பூர்வகுடி ஓவியம் தாங்கிய ஜெர்சி. ஃபியோனா கிளார்க், கோர்ட்னி ஹேகன் என்ற இரு பூர்வகுடிப் பெண்கள் வடிவமைத்தது. ஃபியோனா கிளார்க்கின் முன்னோர் ஒருவர் 1868-இல் இங்கிலாந்து சென்ற பூர்வகுடி கிரிக்கெட் அணியில் ஆடியவர். ஆஸ்திரேலியாவிலிருந்து கடல் கடந்து போய் ஆடிய முதல் விளையாட்டு அணி அது. 47 ஆட்டங்கள் ஆடினார்கள்: 14 வெற்றி, 14 தோல்வி, 19 டிரா. அவர்களுடைய சொந்தப் பெயர்களைச் சொல்ல யாரும் மெனக்கெடவில்லை. உனார்ரிமின் என்பவர் ஜானி முல்லா ஆனார். ஃபியோனாவின் முன்னோரான க்ரோங்கரோங்குக்குக் கொசு என்று பொருள்படும் 'மொஸ்கிட்டோ' என்ற பெயர் வைத்தார்கள். பார்ப்பவர்கள் ஆளை அடையாளம் காண, ஆளுக்கொரு நிறத்தில் துணிப்பட்டை கட்டிவிட்டார்கள்.

பெயரை எடுத்துக்கொண்டு துணியைக் கொடுத்த கதை அது. நான் எழுதப்போகும் ஒவ்வொரு படியிலும் அந்தக் கதை என் மனதில் இருக்கிறது. பூர்வகுடி ஓவியத்தோடு ஒரு சட்டை செய்யும்போது, வரைந்தவரின் பெயரும் அவர் மண்ணின் பெயரும் தொடக்கம் முதல் கடைசி வரை கூடவே வரவேண்டும். எங்கள் சிறுவர் கிரிக்கெட் கிளப்பில் சட்டைப் பொறுப்பு என்னிடம் இருந்ததால் இதில் ஒரு முறை முழுதாக இறங்கி வேலை செய்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட், நெட்பால், கால்பந்து என்று ஏதோ ஒரு கிளப்பில் பொறுப்பில் இருக்கும் தமிழர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரே ஒரு சட்டையைக் கடையில் வாங்க நினைப்பவர்களுக்கும் கீழே ஒரு பகுதி உண்டு.

முதலில், நாங்கள் செய்த தவறு

கிளப்பில் இந்தப் பேச்சு எழுந்ததும் எங்களில் ஒருவர் இணையத்தில் கிடைத்த புள்ளி ஓவியம் ஒன்றைச் சட்டைப் படத்தில் ஒட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நல்ல மனதோடு செய்ததுதான். அரை மணி நேரத்தில் பாராட்டு குவிந்தது. எங்கள் பையன்களோடு ஆடும் ஒரு சிறுவனின் அம்மா விராஜுரி என்ற பூர்வகுடி இனத்தவர். அவர் ஒரே ஒரு வரி எழுதினார்: "இதை வரைந்தது யார்?" எங்களிடம் பதில் இல்லை. படத்தை நீக்கினோம். அதன் பிறகு நாங்கள் கற்றதுதான் கீழே இருப்பது.

படி 1: ஆடும் மண் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் வந்து இறங்கியபோது 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. 'பூர்வகுடி' என்ற ஒரே சொல்லில் நாம் அடக்குவது அத்தனை மக்களை. ஆகவே உங்கள் மைதானம் எந்த மக்களின் மண்ணில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. மேற்கு சிட்னி டாருக் மக்களின் நிலம். பரமட்டா என்ற பெயரே அங்கு வாழ்ந்த புர்ரமட்டகல் மக்களின் பெயரிலிருந்து வந்தது. அது விலாங்கு மீனைக் குறிக்கும் சொல் என்பார்கள், அந்த ஊர் ரக்பி அணிக்கும் விலாங்குதான் சின்னம். மெல்பன் நகரம் வூருன்ஜெரி, புனுரோங் மக்களின் நிலங்களில் இருக்கிறது. உங்கள் நகராட்சியின் இணையதளத்தில் இந்த விவரம் அநேகமாக இருக்கும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளூர் நில மன்றங்கள் உண்டு. விக்டோரியாவில் பதிவுபெற்ற பூர்வகுடி அமைப்புகள் இருக்கின்றன. கேட்டால் சொல்வார்கள்.

ஆங்கிலத்தில் பூர்வகுடியினர் 'கன்ட்ரி' என்று சொல்வதை நாம் 'தேசம்' என்று பெயர்த்தால் பொருள் மாறிவிடும். எங்கள் அறிவிப்பில் அதற்குத் தமிழ்ச் சொல் தேடி நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஐந்திணைதான் எனக்கு உதவியது. ஒரு நிலம், அதன் நீர், மரம், பறவை, தெய்வம், அங்கே வாழ்பவரின் ஒழுக்கம், இவற்றைப் பிரிக்காமல் ஒன்றாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது அந்த வழியாகப் போனால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். நான் 'மண்' என்ற சொல்லையே வைத்துக்கொண்டேன்.

படி 2: எதற்காகச் செய்கிறோம் என்று கமிட்டியில் பேசி முடியுங்கள்

"பெரிய அணிகள் எல்லாம் போடுகிறார்கள், நாமும் போடுவோம்" என்பது போதாது. பெரிய அணிகள் ஏன் போடுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் பேச்சு வேறு தளத்துக்குப் போகும்.

ஆஸ்திரேலியக் கால்பந்தில் 18 கிளப்புகளும் ஆண்டுதோறும் மே மாதவாக்கில் பூர்வகுடி ஓவியச் சட்டை அணிந்து ஆடும் சுற்றுக்கு சர் டக் நிக்கல்ஸ் பெயர். அவர் 1906-இல் கம்மராகுஞ்சாவில் பிறந்த யோர்ட்டா யோர்ட்டா மனிதர். இளைஞனாக கார்ல்டன் கிளப்புக்குப் பயிற்சிக்குப் போனபோது, அவர் தோல் நிறத்தைக் காரணம் காட்டி ஒதுக்கினார்கள். பிறகு ஃபிட்ஸ்ராய் அணியில் ஆடிப் புகழ்பெற்றார். 1976-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார்.

1993 ஏப்ரல் 17-ஐயும் சொல்லவேண்டும். மெல்பனின் விக்டோரியா பார்க்கில் செயின்ட் கில்டா அணியின் நிக்கி வின்மாரை எதிரணி ரசிகர்கள் ஆட்டம் முழுவதும் இனத்தைச் சொல்லி ஏசினார்கள். ஆட்டம் முடிந்ததும் வெற்றிபெற்ற அணியின் வீரராக அவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்து நின்று, சட்டையைத் தூக்கித் தன் கறுத்த தோலைத் தொட்டுக் காட்டினார். அந்தப் புகைப்படத்தை எங்கள் கிளப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். நிறத்தைச் சொல்லி ஏசப்படுவது என்னவென்று அவர்களில் சிலருக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். எவரும் விளக்கம் கேட்கவில்லை.

கிளப்பில் பூர்வகுடிக் குடும்பங்கள் இருந்தால் இந்தக் கட்டத்திலேயே அவர்களிடம் பேசுங்கள். ஆனால் வேலையை அவர்கள் தலையில் கட்டிவிடாதீர்கள். அந்த விராஜுரி அம்மாவிடம் நாங்கள் கேட்டது ஆலோசனை மட்டுமே. ஓடியாடிச் செய்தது கமிட்டி.

படி 3: ஓவியரைத் தேடுங்கள்

ஓவியத்தைத் தேட வேண்டாம், ஓவியரைத் தேடுங்கள். இயன்றால் உங்கள் மைதானம் இருக்கும் மண்ணைச் சேர்ந்தவரையே. அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் அங்கு வாழும் வேறு பூர்வகுடி ஓவியரிடம் போகலாம். அப்போது அவர் தன் சொந்த மண்ணின் கதையை வரைவார், டாருக் மண்ணின் கதையை வரையமாட்டார். இதை முன்பே புரிந்துகொண்டு போகவேண்டும். ரக்பி யூனியன் தேசிய அணியான வாலபீஸ் 2017 அக்டோபரில் பிரிஸ்பேனில் நியூசிலாந்தை எதிர்த்து முதன்முதலாகப் பூர்வகுடிச் சட்டை அணிந்தபோது, அதை வடிவமைத்தவர் சிட்னியின் ரெட்ஃபெர்னில் வளர்ந்த, கமிலராய் மக்களைச் சேர்ந்த ஓவியர் டெனிஸ் கோல்டிங். அவர் யார், எந்த மக்கள் என்பது சட்டையோடு சேர்ந்தே அறிவிக்கப்பட்டது.

எங்கே தேடுவது? உள்ளூர் நில மன்றம், நகராட்சியின் பூர்வகுடித் தொடர்பு அலுவலர், பூர்வகுடிக் கலை மையங்கள். பூர்வகுடியினர் நடத்தும் தொழில்களைச் சரிபார்த்துப் பட்டியலிடும் சப்ளை நேஷன் என்ற அமைப்பு 2009-இலிருந்து இயங்குகிறது. சட்டையே தயாரித்துத் தரும் பூர்வகுடி நிறுவனங்களும் அதில் கிடைக்கும். சிறிய கிளப்புகளுக்கு அந்த வழி சுலபம் என்பது என் எண்ணம். ஓவியரும் தையலும் ஒரே இடத்தில் இருந்தால் ஓவியத்தின் ஃபைல் பல கைகளுக்குப் போகாது.

முதல் அழைப்பிலேயே விலை கேட்காதீர்கள். கிளப் எது, எந்த ஊர், ஏன் வந்தீர்கள், எத்தனை பிள்ளைகள், எப்போது வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் மாட்டேன் என்று சொன்னால் நன்றி சொல்லி விடைபெறுங்கள். மூத்தவர்களைப் பூர்வகுடியினர் ஆன்ட்டி, அங்கிள் என்று சொல்வது வெறும் வயது மரியாதை மட்டுமில்லை, சமூகம் மதித்துக் கொடுக்கும் இடம் அது. நம் பிள்ளைகள் பெரியவர் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதனால் எங்களுக்கு அது வாயில் எளிதாக வந்தது. இருந்தாலும் எப்படி அழைக்கலாம் என்று கேட்டுவிட்டு அழைப்பதே சரி.

காலக்கணக்கு: சட்டை கையில் வேண்டிய நாளுக்கு 9 மாதம் முன்பாவது தொடங்குங்கள். மே 27 முதல் ஜூன் 3 வரை நல்லிணக்க வாரம், ஜூலையில் பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் நெய்டாக் வாரம். அந்த நாட்களை ஒட்டி எல்லாரும் ஒரே ஓவியர்களைத்தான் அழைப்பார்கள். ஏப்ரலில் போன் செய்து மே மாதம் சட்டை கேட்பது அவரை மதிப்பதாகாது.

படி 4: கதையைக் கேளுங்கள், வடிவத்தைக் கட்டளையிடாதீர்கள்

"நிறையப் புள்ளி வைத்து, நடுவில் ஒரு பூமராங், ஒரு கங்காரு" என்று யாராவது கேட்பார்கள். எங்கள் கமிட்டியிலும் கேட்டார்கள். புள்ளி ஓவியம் இன்று உலகம் அறிந்த வடிவமாக இருப்பதற்குக் காரணம் 1971-இல் நடுப் பாலைவனத்தில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே இருக்கும் பப்புன்யாவில் தொடங்கிய ஓவிய இயக்கம். அங்கே பொதுவான சில குறிகள் உண்டு: வட்டத்துக்குள் வட்டம் கூடும் இடத்தையோ நீர்ச்சுனையையோ காட்டும், ஆங்கில எழுத்து யூ போன்ற வளைவு உட்கார்ந்திருக்கும் ஒருவர். வடக்கே ஆர்ன்ஹெம் லாண்டில் மரப்பட்டையில் மெல்லிய குறுக்குக் கோடுகளால் நெய்ததுபோல வரைவார்கள். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் பக்கம் கேடயத்திலும், போசம் என்ற மரவாழ் விலங்கின் தோல் போர்வையிலும் செதுக்கிய கோடுகளும் சாய்சதுரங்களும்தான் மரபு. ஆகவே சிட்னி ஓவியர் ஒருவரிடம் புள்ளி கேட்பது, தஞ்சாவூர் ஓவியரிடம் போய் மதுபனி வரையச் சொல்வது போன்றது. அவருக்கு வரையத் தெரிந்திருக்கலாம். அது அவர் மண்ணின் கை இல்லை.

எல்லோரும் பார்க்கக்கூடாத, எல்லோரும் வரையக்கூடாத உருவங்களும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் பாறைகளில் இருக்கும் வாஞ்சினா உருவங்கள் வொரோரா, ங்கரின்யின், வுனம்பல் மக்களுக்கு உரியவை. அவர்கள் அனுமதியின்றி வேறு பூர்வகுடியினரும் அவற்றை வரையமாட்டார்கள். இதெல்லாம் நமக்குத் தெரிய வாய்ப்பில்லை. நாம் வடிவத்தைக் கட்டளையிடாமல் இருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

ஓவியருக்குச் சொல்லவேண்டியது கிளப்பைப் பற்றி. நாங்கள் சொன்னது: மைதானத்தின் ஓரமாக ஒரு ஓடை ஓடுகிறது, பிள்ளைகளில் பாதிப்பேரின் பாட்டி தாத்தா கடல் கடந்து வந்தவர்கள், சிலர் போரில் ஊரைவிட்டு வந்தவர்கள். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, உங்கள் ஊர் ஆறு எது என்று என்னிடம் திருப்பிக் கேட்டார். அவர் வரைந்து தந்த ஓவியத்தில் அந்த ஓடை தோளிலிருந்து இடுப்பு வரை ஓடியது.

படி 5: எழுத்தில் ஒப்பந்தம்

இந்தப் படியில் அவசரம் கூடாது. நம் ஆட்களுக்கு நம்பிக்கையில் கைகுலுக்கி முடிக்கும் பழக்கம் உண்டு. நம்பிக்கை இருக்கட்டும், தாளும் இருக்கட்டும்.

காசு கொடுத்துவிட்டால் ஓவியம் நம்முடையது என்று பலர் நினைக்கிறார்கள். ஆஸ்திரேலியச் சட்டப்படி ஓவியத்தின் பதிப்புரிமை, கையெழுத்திட்டு மாற்றிக் கொடுத்தாலொழிய வரைந்தவரிடமே இருக்கும். அவர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். நாம் வாங்குவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. பதிப்புரிமையை முழுதாக எழுதி வாங்கும்படி யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒரு சிறுவர் கிளப்புக்கு அது தேவையே இல்லை.

உரிமத்தில் என்ன எழுதவேண்டும்? எதில் அச்சடிக்கலாம் (சட்டை மட்டுமா, தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் சேர்த்தா), எத்தனை, எத்தனை பருவங்கள், வெளியாருக்கு விற்கலாமா, விற்றால் ஓவியருக்கு ஒரு சட்டைக்கு எவ்வளவு. வடிவமைப்புக் கட்டணம் வேறு, விற்பனைப் பங்கு வேறு, இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுங்கள். "உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும்" என்பதைக் கூலியாகச் சொல்லாதீர்கள். வரைந்தவர் பெயரைப் போடும் கடமையும், அவர் படைப்பைச் சிதைக்காதிருக்கும் கடமையும் 2000-த்திலிருந்து சட்டத்திலேயே இருக்கின்றன. நிறம் மாற்றுவது, இடவலம் திருப்புவது, ஒரு துண்டை மட்டும் வெட்டி லோகோவாக்குவது எல்லாவற்றுக்கும் கேட்டுத்தான் செய்யவேண்டும்.

ஸ்பான்சர் பட்டியலை ஓவியரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். மதுக்கடை, சூதாட்டம், சுரங்க நிறுவனம் ஆகியவற்றின் பெயர் தன் ஓவியத்தின்மேல் வர எல்லா ஓவியரும் ஒப்பமாட்டார்கள். அது அவர் உரிமை. சட்டை அச்சாகும் தருணத்தில் இந்தச் சிக்கல் எழுந்தால் யாருக்கும் நல்லதில்லை.

இன்னொன்று கேட்கத் தயங்குவோம், ஆனால் கேட்கவேண்டும்: இந்தக் கதையைச் சொல்ல சமூகத்தில் வேறு யாரிடமாவது ஒப்புதல் பெறவேண்டுமா, அதற்கு நாங்கள் எவ்வளவு காலம் ஒதுக்கவேண்டும்? ஆர்ன்ஹெம் லாண்டின் கனல்பிங்கு ஓவியர் ஜான் புலுன் புலுனின் ஓவியத்தைக் கேட்காமல் டி-ஷர்ட்டில் அச்சடித்தவர்கள் மீது 1980-களின் இறுதியில் வழக்குத் தொடரப்பட்டது. அவருடைய ஓவியம் துணியில் அச்சான இன்னொரு வழக்கில் 1998-இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், அவர் தன் குலத்தாருக்கும் கடமைப்பட்டவர் என்று சொன்னது. ஓவியம் ஒருவர் கையால் வந்தாலும் கதை பலருக்குச் சொந்தமாக இருக்கலாம்.

அச்சகத்தோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி மறக்கக்கூடாது: ஃபைலை வேறு எவருக்கும் பயன்படுத்தக்கூடாது, வேலை முடிந்ததும் அழிக்கவேண்டும். திருப்பூரோ சியால்கோட்டோ சிட்னியோ, எங்கே அடித்தாலும் இந்த வரி வேண்டும்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று மலைக்க வேண்டாம். ஆர்ட்ஸ் லா என்ற கலைஞர் சட்ட மையத்தில் மாதிரி ஒப்பந்தங்கள் கிடைக்கும். பூர்வகுடிக் கலைஞர்களுக்கென்றே அவர்கள் ஒரு சேவையும் நடத்துகிறார்கள். ஓவியரையும் அங்கே காட்டிக் கேட்டு வரச் சொல்லுங்கள்.

படி 6: கொடி வைப்பதென்றால்

கறுப்பு, சிவப்பு, நடுவில் மஞ்சள் வட்டம் கொண்ட பூர்வகுடிக் கொடியை லுரிட்ஜா மனிதரான ஹரால்ட் தாமஸ் 1971-இல் வடிவமைத்தார். பதிப்புரிமை அவருடையது என்று 1997-இல் நீதிமன்றம் உறுதிசெய்தது. இடையில் ஆடைக்கான உரிமம் ஒரு தனியார் நிறுவனத்திடம் போக, பூர்வகுடி அமைப்புகளே தங்கள் கொடியைச் சட்டையில் போட முடியாத நிலை வந்தது. பெரிய போராட்டத்துக்குப் பின் 2022 ஜனவரியில் அரசு 2 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து உரிமையைப் பெற்றது. இப்போது யாரும் மரியாதையோடு பயன்படுத்தலாம். டோரஸ் நீரிணைத் தீவு மக்களின் கொடி வேறு. 1992-இல் பெர்னார்ட் நமோக் வடிவமைத்தது. அதன் உரிமை தீவுகளின் மண்டல மன்றத்திடம் இருக்கிறது, எழுதி அனுமதி பெறவேண்டும்.

படி 7: துணியும் அச்சும்

இத்தகைய சட்டைகள் பெரும்பாலும் சப்ளிமேஷன் முறையில் அச்சாகின்றன. ஓவியத்தை முதலில் தனித் தாளில் அச்சிட்டு, வெள்ளைப் பாலியெஸ்டர் துணிமேல் வைத்து, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகி இழைக்குள் புகுந்துவிடும். அதனால்தான் உரியாது, வெடிக்காது, காற்றோட்டத்தையும் அடைக்காது. பருத்தியில் இது பிடிக்காது. பருத்தி டி-ஷர்ட் வேண்டுமென்றால் அது வேறு வேலை, வேறு விலை.

ஓவியர் கணினியில் வரைந்திருந்தால் வெக்டர் ஃபைல் வாங்குங்கள், எந்த அளவுக்கும் கலங்காமல் பெரிதாகும். கான்வாஸில் வரைந்திருந்தால் தொழில்முறையில் ஸ்கேன் செய்யவேண்டும். போனில் எடுத்த படம் ஆகாது. 55 செ.மீ. அகலமுள்ள முன்பக்கத்துக்கு 150 டிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி) என்றால் குறைந்தது 3,250 பிக்சல் அகலம் வேண்டும். இரட்டிப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

நிறம்தான் ஏமாற்றும். திரையில் செங்காவியாகத் தெரிவது துணியில் ஆரஞ்சாக வரும், கறுப்பு பழுப்படிக்கும். ஆகவே உண்மைத் துணியிலேயே நிறப் பட்டியல் ஒன்றை அச்சடித்து வாங்கி, பகல் வெளிச்சத்தில் ஓவியர் கையில் கொடுத்துத் தேர்வுசெய்யச் சொல்லுங்கள்.

பிறகு தையல். சட்டை என்பது முன், பின், இரு கை, சில வேளை பக்கப் பட்டை, காலர் என்று துண்டுகளாக அச்சாகி இணைவது. எங்கள் முதல் மாதிரிச் சட்டை வந்தபோது ஓடை தோள் தையலில் அறுந்து, கையில் இரண்டங்குலம் தள்ளித் தொடங்கியது. மார்பில் நீர்ச்சுனைக்கு நேர்மேலே ஸ்பான்சர் லோகோ உட்கார்ந்திருந்தது. அச்சகம் தந்த வார்ப்புருவில் லோகோவின் இடம் எப்போதும் அதுவாம். ஓவியர் அதைப் பார்த்துச் சத்தம் போடவில்லை. "தண்ணீரை மூடிவிட்டீர்கள்" என்றார். லோகோவைக் கைக்கு மாற்றினோம். ஸ்பான்சரிடம் போய் விளக்கியபோது அவர் உடனே சரி என்றார். அதனால் சொல்கிறேன்: ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே ஓவியரிடம் காட்டுங்கள், குழந்தை அளவு 6-இலும் பெரியவர் அளவு 3 எக்ஸ்எல்-இலும் காட்டுங்கள். சிறிய அளவில் முக்கியமான உருவம் அக்குளுக்குள் போய்விடும்.

எண்கள் தூரத்திலிருந்து தெரியவேண்டும். ஓவியத்தின்மேல் வெறும் வெள்ளை எண் தொலைந்துபோகும், விளிம்புக் கோடு கொடுங்கள். போட்டி நடத்தும் சங்கத்தின் சீருடை விதிகளை அச்சுக்கு முன் கேட்டு வாங்குங்கள். மாதிரிச் சட்டை இல்லாமல் மொத்த ஆர்டர் வேண்டவே வேண்டாம்.

படி 8: பெயர் போகும் இடங்கள்

காலரின் உட்புறம் ஓவியரின் பெயர், அவர் மக்களின் பெயர், ஓவியத்தின் தலைப்பு. ஒவ்வொரு சட்டையோடும் ஒரு சிறு அட்டை: கதை, அவர் சொன்ன சொற்களிலேயே. நாங்கள் அட்டையின் மறுபுறம் தமிழிலும் அடித்தோம், தாத்தா பாட்டிகள் படிப்பார்களே என்று. அடிப்பதற்கு முன் தமிழில் எழுதியதை வரிவரியாக ஆங்கிலத்தில் அவருக்குத் திருப்பிச் சொல்லி ஒப்புதல் வாங்கினோம். கிளப்பின் பேஸ்புக் பதிவு, பத்திரிகைச் செய்தி, பரிசளிப்பு மேடை எங்கும் அதே பெயர்கள், அதே எழுத்துக்கூட்டலில்.

அறிமுக நாளில் 'மண்ணுக்கு வரவேற்பு' சொல்ல அந்த மண்ணின் மக்களுக்கு மட்டுமே உரிமை உண்டு. அழைத்தால் அதற்கும் கட்டணம் உண்டு, பேசிக் கொடுங்கள். 'மண்ணின் மக்களுக்கு வணக்கம்' சொல்வதை நம்மில் யாரும் செய்யலாம். எங்களிடம் 11 வயதுப் பிள்ளை ஒன்று ஆங்கிலத்திலும் தமிழிலும் சொன்னது.

ஒரே ஒரு சட்டை வாங்குவோருக்கு

நாம் அணியலாமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஓவியர் சம்மதத்தோடு பொதுமக்களுக்கென விற்கப்படுவதை அணியலாம், அதற்காகத்தான் விற்கிறார்கள். க்ளோத்திங் த கேப்ஸ் என்ற பூர்வகுடி நிறுவனம், எந்த ஆடை எல்லோருக்கும், எது தம் மக்களுக்கு மட்டும் என்று தெளிவாகக் குறித்தே விற்கிறது. அந்தக் குறிப்பைப் பார்த்து வாங்குங்கள்.

போலிகள் மிகுதி. அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2022-இல் தந்த அறிக்கையின்படி, பூர்வகுடிப் பாணி நினைவுப் பொருட்களுக்கு மக்கள் செலவிடும் பணத்தில் பாதிக்கு மேல் போலிகளுக்கே போகிறது. இந்தோனேசியாவில் செய்த பொருட்களைப் பூர்வகுடியினர் கைவண்ணம் என்று தோன்றும்படி விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019-இல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஆகவே கடையில் கேளுங்கள்: வரைந்தவர் யார், எந்த மக்கள், அவருக்குப் பணம் எப்படிப் போகிறது? "பூர்வகுடிப் பாணியில்" என்று மட்டும் எழுதி ஓவியர் பெயர் இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். சமூக வலைத்தள விளம்பரத்தில் அரை விலைக்கு வரும் பெரிய அணிகளின் பூர்வகுடிச் சட்டைகளை நான் தொடுவதே இல்லை. அணியின் அதிகாரபூர்வக் கடையில் வாங்கினால் விளக்கத்தில் ஓவியர் பெயர் இருக்கும்.

துவைப்பது சுலபம்: உட்புறத்தை வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில், துணி மென்மையாக்கி ஊற்றாமல், நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரி சூடாக இருக்கக்கூடாது.

படி 9: பருவம் முடிந்த பின்

மீதமான சட்டைகள், பிழையாக அச்சானவை எல்லாவற்றுக்கும் கணக்கு வையுங்கள். பிழையானவற்றை மலிவுக்கு விற்காதீர்கள், ஓவியரிடம் கேட்டு முடிவெடுங்கள். விற்பனைக் கணக்கையும் அவர் பங்கையும் கேட்கும் முன்பே அனுப்புங்கள். பிள்ளைகள் ஆடும் புகைப்படங்களையும் பெற்றோர் அனுமதியோடு அனுப்புங்கள்.

இரண்டாம் ஆண்டு, மாற்றுச் சட்டைக்கு அதே ஓவியத்தை நீலத்தில் அடிக்கலாமா என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். ஒப்பந்தத்தில் அது இல்லை, அதனால் ஓவியரை அழைத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஒரு வாரம் கழித்து அழைத்தார். அந்தச் செம்பழுப்பு ஓடைக்கரை மண்ணின் நிறம், அதை மாற்ற வேண்டாம் என்றார். மாற்றுச் சட்டையை ஓவியம் இல்லாமல் வெறும் நீலத்தில் அடித்தோம். செம்பழுப்புச் சட்டையை உள்ளூர் மைதானத்தில், அந்த ஓடைக்குப் பக்கத்தில் ஆடும்போது போடுகிறார்கள்.